ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் புல்வெட்டி: அது நின்ற விதத்தைக் கேளுங்கள்

தைப்பூசக் காவடிக்கு இன்னும் நான்கு நாள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களை ஒட்டிய எங்கள் கோயில் மைதானத்தில் கிக்குயு புல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜனவரி மழையும் வெயிலும் சேர்ந்துவிட்டால் இந்தப் புல் தூங்குவதே இல்லை. காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கும் தரை, பந்தல் போடும் இடம், வண்டிகள் நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் வெட்டியாக வேண்டும். அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது.

ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே தீர்ப்பு: கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் பாகம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இயந்திரம் தெரியாதவர்களுக்குக் கார்புரேட்டர்தான் அந்த மேடை. ஓட்டிய பையனிடம், “எப்படி நின்றது?” என்று கேட்டேன். “நின்றுவிட்டது, மாமா” என்றான். அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மெக்கானிக் அல்ல. பல ஆண்டுகளாக இந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் கற்றது ஒன்றுண்டு. ஸ்பானரைத் தொடுவதற்கு முன் நான்கு விஷயங்களை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சட்டென்று நின்றதா, திணறித் திணறி நின்றதா? கிளப்பி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? அந்தக் கணத்தில் ஓட்டியவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சாவியைத் திருப்பியதும் மீண்டும் கிளம்பியதா, ஆறிய பிறகுதான் கிளம்பியதா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பிளேடு இருக்கும் அடித்தட்டுக்குள் கையை விடும் முன் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, அது திரும்பப் பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். பெட்ரோலைத் திறக்கும் வேலை எதுவானாலும் இயந்திரம் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்யுங்கள். எங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. கோயில் வளாகத்தில் எங்கேயாவது ஒரு கற்பூரம் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

விளக்கை ஊதி அணைத்தது போல் சட்டென்று நின்றால்

முக்கல் முனகல் எதுவும் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தது ஒரே கணத்தில் அடங்கினால், பெரும்பாலும் குற்றவாளி மின்சாரம். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் இயந்திரம் இப்படி நிற்காது. அது கொஞ்சம் தள்ளாடிவிட்டுத்தான் விழும்.

இந்தச் சிறு இயந்திரங்களில் தீப்பொறிக்குப் பேட்டரி தேவையில்லை. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் காயில் என்ற கம்பிச்சுருளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பொறி பிறக்கிறது. ஆகவே இயந்திரத்தை நிறுத்த வேண்டுமென்றால் பொறியை நிறுத்த வேண்டும். காயிலிலிருந்து வரும் ஒரு மெல்லிய வயரை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்தால் பொறி செத்துவிடும். சாவியைத் திருப்பி அணைக்கும்போது நடப்பது இதுதான். இருக்கைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச், பிரேக் மிதியின் சுவிட்ச், பிளேடை இணைக்கும் சுவிட்ச் எல்லாமே இந்த வேலைக்காக இணைக்கப்பட்டவை. ஓட்டுபவர் கீழே விழுந்தால் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இவற்றில் ஒன்று தளர்ந்தாலும், துருப்பிடித்தாலும், வயர் உரசித் தோல் உரிந்து இரும்பைத் தொட்டாலும், நீங்கள் விழுந்துவிட்டதாக வண்டி நினைத்துக்கொள்ளும்.

மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது நிற்கிறது, சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்புகிறது என்றால், முதல் சந்தேகம் இருக்கை சுவிட்ச் மீது. எடை குறைந்தவர்கள் ஓட்டும்போது மட்டும் நின்றால் சந்தேகமே வேண்டாம். எங்கள் பையன் ஒல்லி. நான் ஏறினால் அதே வண்டி ஒழுங்காக ஓடும். இதை வைத்து என்னை அவர்கள் கேலி செய்தது தனிக்கதை.

சோதனை எளிது. சமதரையில், யாரும் அருகில் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். பிரேக் போட்டு, பிளேடை இணைக்காமல் இயந்திரத்தை ஓடவிட்டு இருக்கையிலிருந்து சற்றே எழுந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகள் தொடர்ந்து ஓட வேண்டும். இப்போது உட்கார்ந்து பிளேடை இணைத்து, வண்டியை விட்டு இறங்காமல் உடம்பை மட்டும் உயர்த்துங்கள். உடனே நிற்க வேண்டும். முதல் சோதனையில் நின்றாலோ, இரண்டாவதில் நிற்காவிட்டாலோ, சுவிட்ச் அல்லது அதன் இணைப்பு கெட்டிருக்கிறது. பிறகு இயந்திரத்தை அணைத்து, இருக்கையைத் தூக்கி அடியில் பாருங்கள். பிளாஸ்டிக் இணைப்பானுக்குள் பச்சை பூத்திருக்கும். கடற்கரைக் காற்று அடிக்கும் ஊர்களில் இது சகஜம். கழற்றி, மின் இணைப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்து, உலர்ந்ததும் அழுத்தி மாட்டுங்கள். இருக்கையின் ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தால் அமர்ந்தாலும் சுவிட்ச் முழுவதும் அழுந்தாது. அதையும் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் சுவிட்சின் இரு முனைகளில் வைத்து அழுத்தியும் விட்டும் பாருங்கள். சில சுவிட்சுகள் அழுத்தினால் இணையும், சில அழுத்தினால் பிரியும். ஆகவே இன்ன எண் வர வேண்டும் என்று தேடாதீர்கள். அழுத்தும்போது நிலை மாறுகிறதா, அழுத்தியபடி ஆட்டினால் அந்த நிலை நிலைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

குறை சுவிட்ச் பக்கமா, காயில் பக்கமா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. காயிலுக்குப் போகும் அந்த நிறுத்தும் வயரைக் கழற்றிவிடுவது. இரட்டைச் சிலிண்டர் என்றால் இரண்டு காயிலிலும் கழற்ற வேண்டும். வண்டியை நகர்த்தாமல், பிரேக் போட்டு, பிளேடு இல்லாமல் ஓடவிடுங்கள். இப்போது நிற்காமல் ஓடினால் குறை சுவிட்சுகளிலோ வயரிலோ இருக்கிறது. அப்போதும் நின்றால் காயில் அல்லது பெட்ரோல். ஆனால் இந்த நிலையில் சாவியால் இயந்திரத்தை அணைக்க முடியாது. பெட்ரோல் குழாயை மூடியோ, காற்று வரும் வழியை மூடும் சோக்கை முழுவதும் இழுத்தோதான் அடக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். முடிந்ததும் வயரைத் திரும்ப மாட்டுங்கள்.

மாட்டாமலே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கை சுவிட்சின் இரு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டு, “இனிமேல் நிற்காது” என்று பெருமையாகச் சொல்வார்கள். நிற்காதுதான். குழந்தைகள் ஓடும் மைதானத்தில் அந்த வண்டியை நான் விடமாட்டேன். புது சுவிட்சின் விலை ஒரு தேங்காய் மூட்டைக்குக்கூடக் காணாது.

எங்கள் பழைய வண்டி இதே குறையோடு ஒரு பட்டறைக்குப் போய் வந்தது. புது கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். பட்டறையின் சிமெண்ட் தரையில் அருமையாக ஓடியது. மைதானத்தின் முதல் மேட்டில் நின்றது. பட்டறைத் தரையில் மேடு ஏது?

சட்டென்று நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல கார்புரேட்டர்களின் அடியில், பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குக் கீழே, வயர் போகும் ஒரு சிறு உருளை இருக்கும். அது பெட்ரோலைத் திறந்து மூடும் மின்வால்வு. பொறிக்குப் பேட்டரி வேண்டாம் என்றேன். இந்த வால்வுக்கு வேண்டும். 12 வோல்ட் வராவிட்டால் இது மூடிக்கொள்ளும், கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தும் அது மேலே போகாமல் இயந்திரம் நிற்கும். சாவியை ஓடும் நிலைக்குத் திருப்பும்போது அங்கிருந்து ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபியூஸ், பேட்டரி முனைகள், சட்டத்தோடு சேரும் கறுப்பு வயர் ஆகியவற்றைப் பாருங்கள். நிறைந்த பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட வண்டி, வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்து வந்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிற்கும். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்துப் பேட்டரிக்கு சார்ஜ் போட்ட நாட்களில் இந்தக் குறையை மின்வெட்டின் தலையில் போட்டு நான் இரண்டு மாதம் ஏமாந்தேன்.

திணறி, ஏறி இறங்கி, பிறகு நின்றால்

சத்தம் கூடும், குறையும், கூடும், பிளேடு தளரும், பிறகு நிற்கும். இது பெட்ரோல் போதாத இயந்திரத்தின் பேச்சு. டேங்கிலிருந்து தொடங்கி, பெட்ரோல் போகும் வழியிலேயே நீங்களும் போங்கள்.

முதலில் மூடி. பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பல வண்டிகளில் அதற்கான துளை மூடியில்தான் இருக்கிறது. புல்தூசியும் மண்ணும் அதை அடைத்தால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்க மறுக்கும். நின்றவுடன் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் வண்டி கிளம்பினால் வியாதி தெரிந்துவிட்டது. காசு செலவில்லாத சோதனை என்பதால் நான் எப்போதும் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

அடுத்தது ஃபில்டர். அதன்மேல் அம்புக்குறி இருக்கும். பெட்ரோல் போகும் திசையைப் பார்த்து மாட்ட வேண்டும். பிறகு ரப்பர் குழாய். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே தோல் உரிந்து வழியை அடைத்திருக்கும். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். டேங்க் உயரத்தில் இருக்கும் வண்டியில் பெட்ரோல் தடையில்லாமல் ஒழுக வேண்டும். டேங்க் தாழ்வாக இருந்தால் நடுவில் ஒரு சிறு பம்ப் இருக்கும். அது இயந்திரத்தின் உள்ளழுத்தத் துடிப்பில் இயங்குவது. அப்படியானால் பிளக் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால்தான் பெட்ரோல் வரும். துடித்துத் துடித்து வரும். வரவில்லையென்றால் பம்பின் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம்.

பிடித்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் படிந்து, மேலே பெட்ரோல் மிதக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கொட்டகையிலிருந்த கேனில் கால் பங்கு தண்ணீர் இருந்தது. வெள்ளம் வராவிட்டாலும், பாதி நிறைந்த டேங்க் நம் கடற்கரை ஈரத்தில் மாதக்கணக்கில் நின்றால் உள்ளே வியர்த்துச் சொட்டுத் தண்ணீர் சேரும். ஒரு மாதத்துக்குமேல் கிடந்த பெட்ரோலை நான் இந்த வண்டிக்கு ஊற்றுவதில்லை. இன்னொன்று: கையால் புல் சீவும் சிறு இயந்திரத்துக்கு எண்ணெய் கலந்து வைத்த பெட்ரோலை யாராவது இதில் ஊற்றிவிடுவார்கள். நீலப் புகை கக்கினால் அந்தச் சந்தேகமும் படுங்கள். கேன்களில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதுதான் மருந்து.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர். சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஓடுகிறது, தள்ளிவிட்டால் சாகிறது என்றால், உள்ளே பெட்ரோல் வரும் சிறு துளை அடைத்திருக்கிறது. கிண்ணத்தைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

இதற்கு நேர்மாறாக, கரும்புகை விட்டுத் திணறினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். சோக் முழுவதும் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

சூடேறியபின் நின்று, ஆறியபின் கிளம்பினால்

மூன்று வகைகளில் ஆளை அலைக்கழிப்பது இதுதான். அரை மணி நேரம் சொக்கத்தங்கமாக ஓடும். பிறகு நிற்கும். எவ்வளவு சுழற்றினாலும் கிளம்பாது. போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஆறியிருக்கும். எந்தக் குறையும் காட்டாது.

மூடி அடைப்பும் இதே நேரக் கணக்கில் வரும் என்பதால் முதலில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். அது இல்லையென்றால், நின்ற அந்த நிமிடத்திலேயே பொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. பொறி பார்க்கும் சிறு கருவி கடையில் கிடைக்கும். அதை நான் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்று முழுவதும் நடந்திருக்கிறேன், என்னைச் சுற்றிப் புழு பொறுக்க வந்த ஹடீடா பறவைகளும் அலறிக்கொண்டே கூடவே நடந்தன. சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் இருக்கிறது என்றால் இக்னிஷன் காயில் முடிந்துவிட்டது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பியில் எங்கோ ஒரு முறிவு. சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறினால் சேர்கிறது. இதைப் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது காயிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி முக்கியம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இயந்திரங்கள் பலவற்றில் அது 0.25 முதல் 0.35 மி.மீ. வரை; உங்கள் இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவுத்தகடு இல்லாவிட்டால் தடித்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இறுக்கிவிட்டு உருவிவிடுவார்கள். ஏறக்குறைய சரியாகவே வரும்.

சூடு அளவுக்கு மீறுவது ஏன் என்பதையும் பாருங்கள். இது காற்றால் குளிரும் இயந்திரம். மேலே உள்ள உறையைக் கழற்றினால் சிலிண்டரைச் சுற்றிய மெல்லிய தகடுகளுக்கு நடுவே உலர்ந்த புல் திணிந்திருக்கும். குளிர்காலத்தில் கொட்டகையில் சும்மா நின்ற வண்டி என்றால் எலிக்கூடே இருக்கும். எங்களுடையதில் பழைய திருவிழாத் தோரணத்தின் துணியெல்லாம் இருந்தது. எலி வயரையும் கடித்திருக்கும் என்பதால் அங்கேயே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பிளேடை இணைத்ததும் நின்றால்

கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றால் மறுபடியும் இருக்கை சுவிட்ச் பக்கம் போங்கள். பிளேடு இணையும்போதுதான் அது விழித்துக்கொள்கிறது. இயந்திரம் முக்கி, கனத்து, பிறகு நின்றால் சுமை அதிகம். பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டு, பிளேடை விடுவித்த நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். கரகரத்தால் பேரிங். அடித்தட்டில் ஈரப்புல் கெட்டியாகக் களிமண் போல் அப்பியிருந்தால் சுரண்டி எடுங்கள். மழை விட்ட மறுநிமிடம் வெட்டத் தொடங்குபவர்களுக்கு இது கட்டாயம் வரும். முழங்கால் உயரப் புல்லை ஒரே வெட்டில் தரைமட்டம் ஆக்காதீர்கள். உயர்த்தி ஒருமுறை, தாழ்த்தி ஒருமுறை ஓட்டுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று வேக நெம்புகோலைப் பாதியில் வைத்து ஓட்டும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெட்டும்போது முழு வேகத்தில் வைப்பதற்காகச் செய்த இயந்திரம் இது. பாதி வேகத்தில் பிளேடுக்கு வலு இருக்காது, விசிறிக்குக் காற்று இருக்காது. நின்றுபோவதில் வியப்பில்லை.

பின்னால் எடுக்கும்போது நின்றால்

பெரும்பாலும் கெடவில்லை. பிளேடு சுற்றும்போது பின்னால் போனால் நின்றுவிடும்படியே பல வண்டிகளைச் செய்திருக்கிறார்கள். பிளேடை விடுவித்துவிட்டுப் பின்னால் எடுங்கள்.

சரிவில் நின்றால்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி போன்ற மேட்டு நிலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். டேங்கில் பெட்ரோல் குறைந்திருந்தால் சரிவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, குழாயின் வாய் காற்றைக் குடிக்கும். எண்ணெய் குறைந்தால் அணைத்துவிடும் உணர்கருவி உள்ள இயந்திரங்களும் உண்டு. சமதரையில் நிறுத்தி எண்ணெய்க் குச்சியைப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் சரிவின் அளவைப் பாருங்கள். பல கையேடுகள் 15 பாகைக்கு மேல் போகாதே என்கின்றன. அமர்ந்து ஓட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே அல்ல. குறுக்கே போய் உருண்டால் மேலே விழுவது கால் டன் இரும்பு. அந்த ஓரத்தைக் கைக்கத்திக்கு விட்டுவிடுங்கள்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். பையனை மறுபடியும் ஏற்றி, நான் பக்கத்தில் நடந்தேன். அரசமரத்து வேர் புடைத்த இடத்தில் சட்டென்று நின்றது, உடனே கிளம்பியது. இருக்கைக்கு அடியில் போகும் வயர், மடிப்புக் கீலில் உரசித் தோலுரிந்திருந்தது. டேப், ஒரு பிளாஸ்டிக் கட்டு, பத்து நிமிடம். எட்டுப் பேரும் அதற்குள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

இத்தனை பார்த்தும் பிடிபடாவிட்டால் பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது ஓர் அட்டையில் எழுதிச் சாவியோடு கட்டிவிடுங்கள். சென்ற மாதம் பையனே எழுதிக் கட்டியது இது: “25 நிமிடம் ஓடியது. சமதரை. திணறவில்லை, சட்டென்று நின்றது. மூடி தளர்த்தியாயிற்று, பயனில்லை. நின்றதும் பொறி இல்லை. 40 நிமிடம் கழித்துப் பொறி இருந்தது, கிளம்பியது. கார்புரேட்டரைத் தொட வேண்டாம்.”